கோட்டைக்குள் எழுதியவை: தரங்கம்பாடிக் காவலர்களின் ஏடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்திற்கும் எண்பதாம் கல்யாணத்திற்கும் வருகின்ற குடும்பத்தினர், அமிர்தகடேசுவரர் கோயில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்கும் ஒரு நடை போய்வருவது வழக்கமாகிவிட்டது. கடலோரத்து டேனிஷ் கோட்டையை அவர்கள் சுற்றிப் பார்க்கிறார்கள். கட்டடத்தின் வயதைக் கேட்டு வியக்கிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் பொழுது எவ்வாறு கழிந்தது, அங்கிருந்தவர்கள் எதை எழுதிவைத்தார்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. தாய்நாட்டைவிட்டு ஆறேழு மாதக் கடற்பயணத்திற்கு அப்பால் காவல் நின்ற படைத்தலைவர்களும் வீரர்களும் விட்டுச்சென்ற ஏடுகள் சில இன்று அச்சில் கிடைக்கின்றன. அவற்றை இலக்கியமாக வாசித்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மிடையே திறனாய்வு என்றால் கவிதை, சிறுகதை, புதினம் ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறோம். நாட்குறிப்பும் நினைவேடும் அறிக்கையும் வரலாற்று ஆசிரியருக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். விவிலியத்தை வாசிக்கும் மக்களாகிய நமக்கு இந்த ஒதுக்கல் பொருந்தாது. திருத்தூதர் பணிகள் நூலின் இறுதிப் பகுதி ஒரு கப்பல் பயணக் குறிப்பாகவே அமைந்துள்ளது. பவுலின் திருமுகங்களில் சில சிறையிலிருந்து விடுக்கப்பட்டவை. அலங்காரமற்ற குறிப்பிலும் மனிதனின் உள்ளம் வெளிப்படும் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோட்டையின் ஒரு நாள்

ஏடுகளைத் திறப்பதற்குமுன் அவை எழுந்த சூழலை மனக்கண்முன் கொண்டுவருவது நல்லது. டேன்ஸ்பர்க் என்று பெயரிடப்பட்ட இக்கோட்டை 1620ஆம் ஆண்டு எழத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் பண்டகசாலை, வீரர் தங்குமிடம், சமையற்கூடம், சிறை. மேல்தளத்தில் கோட்டைத் தலைவரின் இல்லமும் வழிபாட்டு இடமும். சிறையும் ஆலயமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடியில் கப்பல் ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சும். அலை உடைகின்ற இடத்தைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே. கோபனேகனில் அரசர் கையெழுத்திட்ட ஆணையும் மீனவர் கை படாமல் கோட்டைக்குள் நுழைய வழியில்லை. கோட்டைக்குள் உண்ட சோறு காவிரிப் பாசன வயல்களில் விளைந்தது. கப்பலில் ஏற்றிய துணி சுற்றுவட்டார நெசவாளர் நெய்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கடற்பாதை அடைபட்டுவிடும். வெடிமருந்து நமுத்துப்போகும், உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். காவல் மாறுவதும், கதவு திறந்து மூடுவதும், பீரங்கியைத் துடைப்பதும், காய்ச்சலில் படுத்தவனைப் பார்ப்பதும், கடலை நோக்கிக் கப்பல் வருகிறதா என்று காத்திருப்பதுமாக நாட்கள் சென்றன. இறப்பு அங்கே அடிக்கடி வந்துபோன விருந்தாளி. காலனை இறைவன் உதைத்த தலம் என்று மக்கள் போற்றும் திருக்கடையூருக்கு இவ்வளவு அருகிலே, முப்பது வயதைக் காணாமல் அடக்கமான அயல்நாட்டு இளைஞர்கள் எத்தனையோ பேர்.

தலைவரின் நாட்குறிப்பு

முதலாவது ஏடு ஓவே கியெட்டே என்னும் தளபதியின் நாட்குறிப்பு. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் 1618இல் கீழ்த்திசைக்குக் கப்பற்படையை அனுப்பியபோது அதன் தலைமையை இவரிடம் ஒப்படைத்தார். புறப்பட்டபோது இவருக்கு 24 வயது நிரம்பியிருக்கவில்லை. இலங்கையின் கண்டி அரசருக்கு உதவியாகச் சென்று அங்கே கால் ஊன்றுவதே முதல் திட்டம். படை 1620இல் இலங்கையை அடைந்தபோது அந்தத் திட்டம் கைகூடவில்லை. அழைத்துச் சென்ற தூதுவரும் வழியிலேயே இறந்துபோனார். அதன்பின் கியெட்டே தஞ்சைக்கு வந்தார். அவருக்குமுன் வந்திருந்த ரோலண்ட் கிராப்பே, போர்ச்சுக்கீசியர் தம் கப்பலை அழித்தபின், தஞ்சை நாயக்கரிடம் அடைக்கலம் பெற்றிருந்தார். 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் பொறித்து விடுத்த திருமுகம் இன்றும் கோபனேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1622இல் கியெட்டே தாயகம் திரும்பினார்.

இந்நாட்குறிப்பு தம் அரசருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் ஓர் அதிகாரியின் எழுத்து. நாள், இடம், பேச்சுவார்த்தை, இழப்பு என்று நடந்தவற்றை வரிசைப்படுத்துவதில் அதன் நேர்மை இருக்கிறது. மிகை உணர்ச்சி இல்லை. இளம் வயதில் இத்தனை சாவுகளுக்கு நடுவே கடமையைக் கைவிடாதவரின் மன உறுதியையும் அதில் உணரலாம். ஆயினும் அதன் குறையும் அதே இடத்திலிருந்து பிறக்கிறது. மேலிடத்திற்குக் கணக்கு எழுதுகிறவன் கண்ணில், வந்துசேர்ந்த ஊர் ஓர் இனமாக, ஒரு விலையாக, ஓர் உடன்படிக்கையாகத் தெரிகிறதே தவிர, மனிதர் வாழும் இடமாகத் தெரிவதில்லை.

பீரங்கிக்காரரின் நினைவேடு

இரண்டாவது ஏட்டை எழுதியவர் அதிகாரி அல்லர். யோன் ஓலாப்சன் என்ற ஐசுலாந்து நாட்டவர், 1593இல் பிறந்தவர், டென்மார்க் மன்னரின் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். 1622 அக்டோபரில் கோபனேகனிலிருந்து கப்பலேறி, 1623இல் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டைக் காவலில் அமர்ந்தார். ஓராண்டு அளவே இங்கிருந்தார். வெடிமருந்து விபத்தொன்றில் படுகாயமுற்று, கைகள் ஊனமாகி, 1624இல் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் ஐசுலாந்தில் குடும்பத்தோடு வாழ்ந்து, முதுமையில், 1661ஆம் ஆண்டில், தம் வாழ்க்கையை எழுதிவைத்தார். அவருடைய நாட்டினர் அவரை ‘இந்தியப் பயணி’ என்றே அழைக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நினைவேடு ஐசுலாந்து மொழியில் அச்சேறியது. 1923, 1932ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

தரங்கம்பாடியைப் பற்றி எழுந்த பழைய ஏடுகளுள் இதையே நாம் தலைசிறந்ததாகக் கருதுகிறோம். ஆணையிடுகிறவனுக்குப் புலப்படாத பல காட்சிகள் ஆணைக்குக் கீழ்ப்படிகிறவனுக்குப் புலப்படுகின்றன. காவல், கூலி, தண்டனை, சக வீரர்களின் சண்டை, உணவு, நோய் ஆகியன கோட்டை வாழ்வின் உண்மையான பொருள்கள். அவை இங்கே இடம்பெறுகின்றன. கோட்டைக்கு வெளியேயும் இவர் பார்வை செல்கிறது. ஊர், கோயில், ஊர்வலம், நடனம், மக்களின் பழக்கவழக்கங்கள் எல்லாம் இவருடைய ஆவலைத் தூண்டியிருக்கின்றன. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப்பின், பனி மூடிய ஒரு தீவில் அமர்ந்து, ஓராண்டே வாழ்ந்த வெயில் நாட்டை மறவாமல் எழுத வேண்டுமானால் அந்த ஊர் அவர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்! தம் கைகளைச் சிதைத்த இடத்தைப் பற்றிய எழுத்தில் பகைமையைவிட வியப்பே மேலோங்கி நிற்பது இந்நூலின் தனிச் சிறப்பு.

குறையையும் சொல்லியாக வேண்டும். தம் காலத்து லூத்தரன் சமயக் கல்வியைக் கொண்டே இவர் இந்நாட்டு வழிபாட்டை அளந்தார். கோயிலைக் கண்டார், கோயிலுக்குப் போகிறவனின் உள்ளத்தைக் காணவில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த பின்னர் வாழும் நாம், அவரை அதற்காக ஏளனம் செய்யலாகாது. அந்நூற்றாண்டில் நம்மவர் எழுதியவற்றிலும் இத்தகைய கடுமை உண்டு. பார்த்ததை மறைக்காமல் எழுதினார் என்பதே அவர் நமக்குச் செய்த நன்மை.

மறக்கப்பட்ட தலைவர்

மூன்றாவதாக, வில்லம் லேயல் என்பவரின் ஆவணங்கள். 1639இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட இவர் பல தடைகளைக் கடந்து 1643இல்தான் தரங்கம்பாடியை அடைந்தார். தமக்குரிய கோட்டையின் பொறுப்பை எளிதில் அவரால் பெற முடியவில்லை. முன்னவர் கடனில் மூழ்கியிருந்தார். அதிகாரத்தைக் கைமாற்ற விருப்பமில்லாதிருந்தார். ஒருவாறு பொறுப்பேற்ற லேயலையும் 1648இல் சொந்த ஆட்களே கலகம் செய்து பதவியிறக்கினர். இந்தத் தாள்களை ஆராய்ந்து ஆஸ்தா பிரெட்ஸ்டோர்ப் என்னும் டேனிய அம்மையார் எழுதிய நூல் 2009இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தொலைவிலுள்ள தளத்தில் பகைவன் சுவருக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை. தனிமையும் கணக்கு வழக்கும் குடியும் பொறாமையும் சுவருக்குள்ளேயே பகைவரை உண்டாக்கிவிடுகின்றன என்பதை இதைப்போல் எடுத்துக்காட்டும் நூல் அரிது.

லேயலின் கப்பலுக்குப் பின் 1669 வரை டென்மார்க்கிலிருந்து வேறொரு கப்பல் தரங்கம்பாடிக்கு வரவில்லை. 1650இல் வாணிகக் குழுமமே கலைக்கப்பட்டது. இருந்த டேனியர் இறந்தும் விலகியும் போக, 1655 அளவில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் ஒருவர் எஞ்சினார். எழுத்தறிவற்ற எளிய குடிமகன் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அவரே கோட்டைத் தலைவர். திறை செலுத்தாததால் நாயக்கரின் படை முற்றுகையிட்டது. அவர் தாக்குப்பிடித்தார், பின்னர் உடன்பாடு கண்டார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். பிற நாட்டுக் கப்பல்கள் வழியாகத் தாயகத்திற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1669 மே மாதத்தில் ‘ஃபாரோ’ என்னும் கப்பல் வந்துசேர்ந்தது. அவரைத் தலைவராக உறுதிசெய்யும் ஆணையும் அதில் வந்தது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் வழக்கமாக அவரது விசுவாசத்தைப் புகழ்வதோடு முடித்துவிடுகின்றனர். அரசன் மறந்தாலும் கொடியை மறவாதவர் என்பர். அந்தப் புகழ்ச்சியை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறோம். மதில் எழுப்பவும் கோட்டையைப் பழுதுபார்க்கவும் பணம் எங்கிருந்து வந்தது? வங்கக் கடலில் சென்ற வணிகக் கப்பல்களைப் பிடித்து, அவற்றின் சரக்கை விற்றதிலிருந்து வந்தது. ஒருவரின் பற்றுறுதிக்கு வேறு பலர் தம் உடைமையைக் கொண்டு விலை கொடுத்தனர். படைவீரர் சிலர் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வினவியபோது, அச்சுறுத்திப் பறிக்க வேண்டாம், உங்கள் ஊதியம் போதும் என்றிருங்கள் என்னும் பொருள்பட அவர் விடையளித்ததை லூக்கா பதிவுசெய்துள்ளார். ஊதியமே வராத ஊரில் காவல் நிற்கிறவனுக்கு அந்த விடை எவ்வளவு கடினமானது! கோங்ஸ்பாக்கேயின் சோதனை இதுவே. அவரை எளிதில் குற்றவாளி என்று தீர்ப்பிடவும் முடியாது. வீரர் என்று கொண்டாடவும் முடியாது. நினைவேடு எழுதாமல் போன இவரிடமிருந்துதான் நினைவேட்டை நாம் மிகவும் எதிர்பார்த்திருப்போம்.

இன்னொன்றையும் இங்கே கருத வேண்டும். அத்தனை ஆண்டுகள் ஒற்றை ஆளாய் ஒருவர் கோட்டையைக் காத்தார் என்பது சொல் அளவில்தான் உண்மை. முறைவைத்துக் கண்விழித்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், மதிலுக்குச் செங்கல் எடுத்தவர்கள் உள்ளூர்த் தமிழரும் போர்ச்சுக்கீசிய வழிவந்தோருமே. போர்ச்சுக்கீசிய வழிவந்தோர் நம் கத்தோலிக்க விசுவாசத்தைச் சார்ந்தவர்கள். கடற்கரையில் நமக்கு முன்னோராய்ச் செபமாலை உருட்டியவர்கள் அயல்நாட்டுக் கொடிக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாட்குறிப்பும் இல்லை. அவர்களைப் பற்றிய அத்தியாயமும் இல்லை.

நூற்றுவர் தலைவர் என்னும் அளவுகோல்

இவ்வகை எழுத்தை எந்த அளவுகோல்கொண்டு மதிப்பிடுவது? விவிலியம் நமக்கு ஒன்றைத் தருகிறது. கப்பர்நாகூமில் பணியாற்றிய நூற்றுவர் தலைவர் யூதர் அல்லர், பிற இனத்தவர். ஆணையிடவும் ஆணைக்கு அடங்கவும் பழகிய படை அதிகாரி. அவருடைய பணியாளர் நோயுற்றபோது ஊர்ப் பெரியவர்களே இயேசுவிடம் சென்று அவருக்காகப் பரிந்து பேசினர். தம் மக்கள்மீது அன்புள்ளவர், தமக்குத் தொழுகைக்கூடம் கட்டித் தந்தவர் என்று சான்று பகர்ந்தனர். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அதிகாரி தம்மைப் பற்றித் தாமே உயர்வாக எதுவும் சொல்லவில்லை என்பது. தாம் தகுதியற்றவர் என்றே சொன்னார். தகுதியுள்ளவர் என்று சொன்னது ஊர். நற்கருணை உட்கொள்ளுமுன் ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் அறிக்கையிடும் சொற்கள் இந்த அன்னிய அதிகாரியின் வாயிலிருந்து பிறந்தவையே.

ஆக, பிறநாட்டு மண்ணில் ஆயுதம் ஏந்தி நின்றவனின் ஏட்டைத் திறந்ததும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: அந்த ஊர் இதில் பேசுகிறதா? கியெட்டேயின் ஏட்டில் ஊர் பேசவில்லை. ஓலாப்சனின் ஏட்டில் ஊர் காட்சியளிக்கிறது, பேச்சு குறைவு. லேயலின் தாள்களில் கோட்டைக்குள் இருந்தவர்களின் கூச்சலே ஓங்கி ஒலிக்கிறது. தரங்கம்பாடியில் ஊர் வாய்திறந்து பேசியது 1706இல் அங்கு வந்த சீகன்பால்குவின் காலத்தில்தான். அவரைக் கோட்டைத் தலைவர் ஹாசியுஸ் 1708 நவம்பர் முதல் நான்கு மாதங்கள் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் சீகன்பால்குவும் கிரண்ட்லரும் இந்நாட்டுத் தமிழரிடம் சமயம், வாழ்க்கை பற்றிக் கேள்விகள் விடுத்து, அவர்கள் எழுதிய மறுமொழிக் கடிதங்களை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். அவை அங்கே அச்சாயின. அவர்களுடைய மறைபரப்பு முறையோடு நம் முன்னோர் கொண்ட பூசல்கள் பல. ஆயினும் ஊராரின் சொல்லை ஊராரிடமே கேட்டுப் பதிவுசெய்த பெருமை அவர்களுக்கு உரியது என்பதை இன்று மனமுவந்து ஒப்புக்கொள்கிறோம்.

நம்மவர் காவல் நின்றபோது

டேனியரை மட்டும் இந்தத் தராசில் நிறுத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. நம் நாட்டு அதிகாரிகளும் பிறநாட்டு மண்ணில் தளம் அமைத்துத் தங்கிய காலம் உண்டு. காசாவிலும் காங்கோவிலும் ஐக்கிய நாடுகள் அவையின்கீழ் நம் வீரர் பணியாற்றினர். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படை இலங்கைத் தமிழ் மண்ணில் இருந்தது. அதில் ஏறக்குறைய 1200 வீரர்கள் உயிரிழந்தனர். படைத்தலைவர்களான தீபேந்தர் சிங், ஹர்கிரத் சிங், சர்தேஷ்பாண்டே ஆகியோர் பின்னர் நூல்கள் எழுதினர். திட்டக் குழப்பம், தெளிவற்ற ஆணை, வீரர்பட்ட பாடு ஆகியவற்றை அறிய அவை பயன்படும்.

ஆனால் அதே காலத்தைப் பற்றி ஊர் எழுதிய நூலும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சேர்ந்து எழுதி 1990இல் வெளியிட்ட ‘முறிந்த பனை’ அது. 1987 அக்டோபர் 21, 22 நாட்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் சுட்டுக்கொல்லப்பட்ட கொடுமையையும், பெண்கள் பட்ட துன்பத்தையும் அறிய விரும்புவோர் ஊரின் சாட்சியத்தைத்தான் நாடவேண்டும். எல்லாத் தரப்பினரின் ஆயுதங்களையும் கேள்வி கேட்ட அந்நூலாசிரியருள் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம, நூல் வெளிவருமுன்னரே, 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். தளபதிகளின் நூல்களை ஒரு கையிலும் இந்நூலை மறு கையிலும் வைத்து வாசிக்கிறவனே அந்த மூன்று ஆண்டுகளை வாசித்தவன் ஆவான். நாட்டுப்பற்று காரணமாக ஒன்றை மட்டும் வாசித்து நிறைவடைவது விசுவாசிக்கு அழகன்று.

‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் சங்க ஏட்டின் 79ஆம் பகுதி படைத்துறையைப் பழிக்கவில்லை. படைவீரர் தம்மை மக்களின் பாதுகாப்பிற்கும் உரிமைக்கும் பணியாளராகக் கருதவேண்டும் என்கிறது. எந்த மக்கள் என்று கேட்டுப் பார்த்தால் அதன் ஆழம் விளங்கும். அனுப்பிய நாட்டின் மக்கள் மட்டுமல்லர். எந்த மண்ணில் நிற்கிறானோ அந்த மண்ணின் மக்களுமே அதில் அடங்குவர்.

கோட்டை 1845இல் தரங்கம்பாடியோடு ஆங்கிலக் குழுமத்திற்கு விற்கப்பட்டது. செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய் விலை. இப்பொழுது அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். ஆனால் காவல் நின்றவர்களின் கேள்வி பழசாகிவிடவில்லை. நம் பங்குகளில் படைத்துறைப் பணியில் மக்களையுடைய குடும்பங்கள் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலைபார்ப்பவர்களின் குடும்பங்கள் அதைவிட மிகுதி. பணம் வந்ததா, உடல்நலமா என்று கேட்டு எழுதுகிற நாம், நீ இருக்கும் ஊரின் மனிதர் யார், அவர்கள் மொழியில் எத்தனை சொல் கற்றாய், அவர்கள் உன்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்றும் கேட்டு எழுதுவோம். அங்கிருந்து வரும் மறுமொழிகளைப் பத்திரப்படுத்துவோம். கைகள் சிதைந்த ஒரு பீரங்கிக்காரர் முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து எழுதியது நமக்கு இன்று நம் ஊரைக் காட்டுகிறது. நம் பிள்ளைகள் எழுதப்போவது அவர்கள் தங்கிய ஊராரின் பேரப்பிள்ளைகளுக்கு வெட்கமின்றி வாசித்துக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். நூற்றுவர் தலைவரின் சொற்களைப் பலிபீடத்தின்முன் நாளும் சொல்லுகிற மக்களிடம் இதைக் கேட்பது மிகையன்று.